பாய்லர் தக்கை குறித்து மாப்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தது

மேல் பிஸ்ட்ரிச்கா,
டிசம்பர் 18, வியாழக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை ரடோவன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் பொஹுமிர் வலாஷெக், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உங்கள் அத்தை ட்ரஹோமிரா, பாய்லர் ஆகிய மூவரும் நலம். எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல. அத்தைக்கு என்மேல் கோபம் வழக்கத்தைவிடச் சற்று அதிகம். பாய்லருக்குப் பிரஷர் ஒன்றரை, சூடு எழுபது. அவ்விடம் நீங்களும் என் மகள் யிட்காவும் பேத்தி அனெஷ்காவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? ஒஸ்த்ராவாவில் பனி எப்படி என்று ரேடியோவில் சொல்கிறார்கள். இருந்தாலும் நீங்கள் ஒரு வரி எழுதினால்தான் மனம் ஆறும்.

நிற்க. கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் குடும்பத்தோடு வந்திருந்தபோது நிலவறையில் நடந்ததை நான் மறக்கவில்லை. விறகு எடுத்து வருகிறேன் என்று இறங்கிப் போன மாப்பிள்ளை விறகில்லாமல் மேலே வந்து, "மாமா, கொஞ்சம் வாங்க" என்றதும் நான் பின்னாலேயே இறங்கி வந்தேன். வீட்டைச் சூடாக்கும் விறகு பாய்லரின் தலையில் இருக்கும் சேஃப்டி வால்வின் வாயில் ஒரு பாட்டில் தக்கை செருகியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினீர்கள்.

"மாமா, இது என்ன?"

"தக்கை."

"தக்கைன்னு எனக்கும் தெரியுது. இங்க எதுக்கு இருக்கு?"

"வால்வு சொட்டுது மாப்பிள்ளை. சொட்டுறது நேரா முட்டைக்கோஸ் ஜாடி மேல விழுது. உங்க அத்தை போடுற சத்தம் தாங்கல."

நீங்கள் விறகுக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். வெடித்த வீடுகளைப் போய்ப் பார்த்து இன்ஷூரன்ஸுக்கு ரிப்போர்ட் எழுதுவது உங்கள் தொழில் என்பதால் உங்களுக்கு எல்லா வீடும் வெடிக்கப்போகிற வீடாகவே தெரிகிறது என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன். "மாமா, தண்ணி சூடானா பெருசாகும். பெருசான தண்ணிக்கு இடம் இல்லேன்னா இரும்பைப் பிளந்துகிட்டுப் போகும். அதுக்கு நாம விட்டு வெச்சிருக்கிற ஒரே வாசல் இது. அதை அடைச்சு வெச்சுட்டு, அதுக்கு நேர் மேல கட்டில் போட்டு என் பொண்ணைத் தூங்க வெச்சிருக்கீங்க." மூன்று வருஷமாக இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லையே என்றேன். "நடந்திருந்தா இதைச் சொல்ல நீங்க இருந்திருக்க மாட்டீங்க" என்றீர்கள். புது வால்வு போட வேண்டும், அதற்குத் தக்கை கிக்கை எதுவும் வைக்கக் கூடாது, செய்து முடித்ததை எழுத்தில் தர வேண்டும், இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு யாரும் இந்த வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று சொல்லி, தக்கையைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, மதிய ரயிலுக்கே கிளம்பிவிட்டீர்கள்.

பிளாட்பாரத்தில் யிட்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அனெஷ்கா மட்டும் ரயில் வளைவு திரும்பும்வரை கை காட்டிக்கொண்டே போனாள். நாற்பத்தோரு வருஷ சர்வீஸில் சிவப்பு சிக்னலைத் தாண்டி ஒரு கூட்ஸ் வண்டியைக்கூட விட்டவன் இல்லை நான். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டு சிக்னலின் வாயில் தக்கையைச் செருகி வைத்திருந்தேன் என்பது அந்த ரயில் போன பிறகுதான் உறைத்தது. உறைத்தது என்று எழுதிவிட்டேன், ஆனால் இதை அத்தையிடம் சொல்ல வேண்டாம். அவளிடம் இன்னும் நீங்கள் அவசரக்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறு வாரமே புது வால்வு வாங்கிவிட்டேன். பிரஷர் இரண்டரை வரை பொறுக்கும், அதற்குமேல் பொறுக்காது, தானே திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும். கிட்டத்தட்ட உங்கள் அத்தையின் சுபாவம். அதைப் பொருத்த அடுத்த வீட்டு ஒர்சாக் வந்தார். உங்களுக்குத்தான் தெரியுமே, கைவேலை என்றால் சாவுவீட்டிலும் எழுந்து நிற்கிற மனிதர். வந்தவுடன் முதல் யோசனை, "ஸ்டேஷன் மாஸ்டரே, பாய்லருக்கும் வால்வுக்கும் நடுவுல ஒரு திருகு குழாய் வெச்சிடலாம்யா. சொட்டுச்சுன்னா மூடிக்கலாம்." அதற்குப் பழைய தக்கையே போதுமே ஐயா, குழாய் எதற்கு என்று நான் மறுத்துவிட்டேன். இந்த இடத்தை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். மறுத்தவன் நான்.

அடுத்தது, வால்விலிருந்து வருகிற தண்ணீர் எங்கே போவது என்ற கேள்வி. தரையில் இருக்கும் வடிகாலுக்குப் போக வேண்டும் என்று வால்வோடு வந்த காகிதத்தில் போட்டிருக்கிறது. வடிகால் இருக்கிறது. வடிகாலின்மேல் முட்டைக்கோஸ் ஜாடி இருக்கிறது. ஜாடிமேல் அத்தை இருக்கிறாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "இருபது கிலோ கோஸ் போட்டிருக்கேன். புளிக்கிற ஜாடியை ஆறு வாரம் அசைக்கவே கூடாது. அசைச்சா அழுகிப்போகும். உங்களுக்கு வேணும்னா பாய்லரை நகர்த்துங்க" என்று சொல்லிவிட்டாள். ஐந்து ஆள் தூக்க முடியாத பாய்லர் அது. ஒர்சாக் ஜாடியையும் பார்த்தார், அத்தையையும் பார்த்தார், இரண்டில் எது கனம் என்று யோசித்தவர் மாதிரிச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். "ஏன்யா, நல்ல சுடுதண்ணியை எதுக்குச் சாக்கடையில விடணும்? இந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கு?" என்றார். நம் வீடு சரிவில் கட்டியது, நிலவறைச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு படி இறக்கத்தில் குளியலறை. "குளியல் தொட்டி" என்றேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாப்பிள்ளை, மனிதனுக்கு வாழ்க்கையில் இரண்டு மூன்று தடவைதான் அப்படி ஒரு யோசனை வரும். பாய்லர் பொங்கினால் அந்தத் தண்ணீரில் ஒருவர் குளித்துவிடலாம்! சுவரில் துளை போட்டு, குழாயைத் தொட்டியின் தலைமாட்டில் கொண்டுபோய் விட்டோம். அடைப்பு இல்லை, வளைவு இல்லை, வாய் திறந்தபடி தொங்குகிறது. அன்று ஒர்சாக்கின் பிளம் சாராயத்தில் ஆளுக்கு இரண்டு சின்ன கிளாஸ் குடித்தோம். வேலை முடிந்ததற்காக ஒன்று, யோசனைக்காக ஒன்று.

இதெல்லாம் நவம்பரில். போன ஞாயிற்றுக்கிழமை ஒர்சாக்கின் மச்சான் குளத்தில் கெண்டை பிடித்தபோது கிறிஸ்துமஸ் விருந்துக்கு வறுக்க நமக்கும் ஒன்று வந்தது. மூன்று கிலோ, பொன்னிறச் செதில், பார்வையில் ஒரு அதிகாரி தோரணை. அதுவரை உயிரோடு இருக்க, வழக்கம்போலக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி விட்டோம். பண்டிகைவரை நாங்கள் ஒர்சாக் வீட்டில் குளித்துக்கொள்கிறோம், அவருடைய கெண்டை வாளியில் இருக்கிறது. அன்று மாலை போனில் அனெஷ்கா அதற்குக் காஷ்பர் என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்ததும் அது சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து விலகிவிட்டது. "தாத்தா, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நானே அவனை வாளியில தூக்கிட்டுப் போய் ஆத்துல விடுவேன். நீங்க வறுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன். வறுக்கப் பன்றி இறைச்சி வாங்கியாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் போன். "காஷ்பர் என்ன பண்றான்?" காஷ்பர் தொட்டியின் மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்கு வந்து சேர்ந்தான், தாமதம் இல்லை, என்று நான் அறிவிப்பேன். அவள் சிரிப்பாள். பக்கத்தில் யிட்காவும் சிரிக்கிற மாதிரிக் கேட்கும். நீங்கள் அறிக்கை கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்காகவே நான் இதை முன்னமே எழுதியிருக்க வேண்டும்.

நேற்று புதன்கிழமை காலை. அத்தை வெனிலா பிறை பிஸ்கட் மூன்று டப்பா சுட்டு முடித்து, வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் என்று குளியலறை அலமாரியில் அடுக்கிவிட்டு, நான்காவது டப்பாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் கீழே போய் பாய்லர் வயிறு நிறையக் காய்ந்த பீச் கட்டைகளாகத் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்திருக்க வேண்டும், கரண்ட் போயிற்று. கரண்ட் போனால் ரேடியோ நிற்கும், விளக்கு அணையும், அதெல்லாம் தெரிந்ததுதான். தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பும் நிற்கும் என்பது ஐந்து நிமிஷம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. பம்பு நின்றதென்று நெருப்பு நிற்குமா? விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். சூடு தொண்ணூறு. காற்றுக் கதவை மூடினேன். தொண்ணூற்று நான்கு. பிரஷர் இரண்டு. பின்னாலேயே அத்தை மாவுக் கையோடு வந்து நிற்கிறாள்.

"பச்சத்தண்ணி எடுத்து உள்ள ஊத்துங்களேன்!"

"ஊத்தினா பாய்லர் விரிஞ்சிடும்டி. இரும்பு வாளியைக் கொண்டா. தணலை வாரணும்."

"வாளியில ஒர்சாக் மீன் இருக்கு!"

"நம்ம வாளிடி!"

வாளி வந்தது. தணலை வாரி வாரி வெளியே பனியில் கொட்டினோம். மூன்றாவது தடவை திரும்பி வந்து பார்க்கிறேன், முள் இரண்டே கால், இரண்டே காலும் கொஞ்சமும். இந்நேரம் மேலே அந்தக் கட்டிலில் பிள்ளை படுத்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. பழைய தக்கை இப்போது அங்கே இருந்திருந்தால் என்றும் நினைத்தேன். முள் இரண்டரையைத் தொட்டது. அப்போது ஒரு விசில்.

விசில் என்றால் விசில், மாப்பிள்ளை! நீராவி எஞ்சின் காலத்தில் கேட்ட மாதிரி, நீளமாக, சுத்தமாக. கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது, கை தானாகத் தொப்பியைத் தேடியது. வால்வு திறந்துகொண்டது, குழாய் திடுதிடுவென்று அதிர்ந்தது, முள் இறங்கியது. இரண்டு. ஒன்றே முக்கால். அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் நிலவறையில் கட்டிக்கொண்டது இது முதல் தடவை; என் கோட்டு முதுகில் இப்போதும் மாவுக் கை பதிந்திருக்கிறது. "வேலை செஞ்சிடுச்சுடி! மாப்பிள்ளை சொன்ன வால்வு வேலை செஞ்சிடுச்சு!" என்று நான் கத்துகிறேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்தி, "அது சரி, தண்ணி எங்க போகுது?" என்றாள்.

காஷ்பர்!

குளியலறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை, அத்தனை ஆவி. தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிறைய இருந்ததால் பெரிய தீங்கு ஒன்றும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யிட்கா பக்கத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். காஷ்பர் கெட்டிக்காரன், குழாய்க்கு எதிர் முனையில் போய் ஒண்டிக்கொண்டிருந்தான். ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பானதும் அவனுக்கு ஜூலை மாதம் வந்துவிட்டதாக எண்ணம். டிசம்பர் குளிரில் கல் மாதிரிக் கிடந்தவன் வால் முளைத்த வெடியாகிவிட்டான். நான் கையை விட்டேனோ இல்லையோ, ஒரு துள்ளு, என் மார்பில் மோதி, அலமாரியில் மோதி, இரண்டு டப்பா பிறை பிஸ்கட்டோடு தரையில் விழுந்தான். மூன்றாவது டப்பா ஏற்கெனவே ஆவியில் கஞ்சியாகியிருந்தது. நான் பிடிக்கப் போய் வழுக்கி உட்கார்ந்தேன், பிஸ்கட்டின்மேல். அத்தை மாவுத் துணியைப் போட்டுக் காஷ்பரைப் பிடித்தாள், காஷ்பர் துணியோடு நழுவினான், மறுபடி பிடித்தாள். விசில் சத்தம் கேட்டு ஓடிவந்த ஒர்சாக் வாசலில் நின்றுகொண்டு, வெண்ணெயும் சர்க்கரையும் பூசின மீனையும், தரையில் நான் உட்கார்ந்திருந்த கோலத்தையும் பார்த்துவிட்டு, "என்ன ஸ்டேஷன் மாஸ்டரே, இந்த வருஷம் மீனை இனிப்பா செய்யறீங்களா?" என்றார். அத்தை திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் ஓடிப்போய்க் காஷ்பரை விட ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தூக்கிவந்தார்.

மதியம் கரண்ட் வந்தது. பாய்லர் ஆறிய பிறகு குறைந்த தண்ணீரை நிரப்பினேன். குளியல் தொட்டியைக் கழுவிக் குளிர்ந்த நீர் விட்டோம், காஷ்பர் திரும்பவும் மேற்கு முனைக்கும் கிழக்கு முனைக்கும் போய் வருகிறான். நேற்று மாலை அனெஷ்காவிடம் அவன் குளித்துவிட்டுத் தூங்குகிறான் என்றேன். அதில் பொய் இல்லை.

ஆகவே இதன்மூலம் எழுத்தில் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்: பாய்லரில் புது சேஃப்டி வால்வு பொருத்தப்பட்டுள்ளது, அதற்கும் பாய்லருக்கும் நடுவில் எதுவும் இல்லை, குழாய் வாய் திறந்திருக்கிறது, நேற்று காலை மெய்யான ஆபத்தில் மெய்யாகவே பரிசோதிக்கப்பட்டு வெற்றி பெற்றது. லைன் கிளியர். நீங்கள் மூவரும் இருபத்துமூன்றாம் தேதி பத்தே கால் வண்டிக்குத் தாராளமாக வரலாம். நான் தொப்பி போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பேன்.

உங்களுக்கும் யிட்காவுக்கும் எங்கள் ஆசிகள். அனெஷ்காவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். வருகிற வருஷம் உங்கள் தொழிலில் வெடித்த வீடுகள் குறைந்து, சம்பளம் மட்டும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்,
பொ. வலாஷெக்

பின்குறிப்பு: ஒரு சின்ன விஷயம், சொல்லவே தேவையில்லை. நேற்று திறந்துகொண்டதிலிருந்து வால்வு சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, நிமிஷத்துக்கு ஒரு சொட்டு வருகிறது. அது சரியாகக் காஷ்பரின் தலையில் விழுகிறது. அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. ஆகவே பண்டிகை முடியும்வரை, தற்காலிகமாக, குழாய் வாயில் ஒரு தக்கை வைத்திருக்கிறேன். சின்ன தக்கைதான்.

*

மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. தபாலில் போடு என்று கவரை ஒட்டாமல் என்னிடம் கொடுத்தது அவர் தப்பு. நின்றபடியே படித்தேன், பின்குறிப்பு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது பாருங்கள். ஆனால் திட்ட வாய் வரவில்லை. கோஸ் ஜாடிக்குப் பிடிவாதம் பிடித்தவள் நான்தானே. மீன் ஆற்றுக்குப் போனதும் அந்தத் தொட்டியில் உட்கார்ந்து குளிக்கப்போவது யார் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மீனாவது எதிர் முனைக்குப் போய் ஒண்டிக்கொண்டது.

ஒர்சாக்கைக் கூப்பிட்டேன். நானும் அவருமாக ஜாடியை நகர்த்திவிட்டோம். கோஸ் அழுகினால் அழுகட்டும். குழாய் இப்போது வடிகாலுக்குப் போகிறது, சுவர்த் துளையை அடைத்தாயிற்று. சொட்டு நிற்க வால்வின் தலையை ஒரு தடவை திருகி விட வேண்டும் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறது. திருகினேன், பீச்சியடித்துவிட்டு நின்றுவிட்டது. காகிதம் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் மாமா தன் நாற்காலி ஆடாமலிருக்கக் காலுக்கடியில் மடித்து வைத்திருந்தார்.

கடிதத்தை அவர் எழுதினபடியே அனுப்புகிறேன். நாற்பத்தோரு வருஷம் ஊர் ரயிலையெல்லாம் பத்திரமாக அனுப்பிவைத்தவர், உங்களை ஏற்றிப்போன அந்த ஒரு ரயிலை நினைத்து ஆறு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவசியம் வாருங்கள்.

கவருக்குள் தக்கையும் காஷ்பர் உதிர்த்த ஒரு செதிலும் இருக்கின்றன. செதில் அனெஷ்காவுக்கு, அதிர்ஷ்டம். தக்கையைப் பழைய தக்கையோடு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இது கடைசி.